பெரிய அரை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பதாகப் போனில் சொல்கிறாய், நீ சொல்வதை நம்புகிறேன், நடுநடுவே இருமுகிறாயே அதைத்தான் நம்ப முடியவில்லை. வேலை செய்கிற இடத்திலேயே டாக்டர் இருக்கிறார் என்றாய், டாக்டர் இருப்பது வேறு, நீ அவரிடம் போவது வேறு. இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சீருடைத் துணி கழுத்து வரை குவிந்து கிடக்கிறது, நான் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பேசுகிறேன். பேசுகிறபடியே எழுது என்றால் மாட்டேன் என்கிறாள், பேச்சு வேறு எழுத்து வேறு அம்மா என்கிறாள், அதனால் இதில் நான் நிறையப் படித்தவள் மாதிரித் தெரிந்தால் நீ பயந்துவிடாதே. (அண்ணா, கருத்து எல்லாம் அம்மாவுடையது. நான் வாக்கியத்தை மட்டும்தான் தொட்டிருக்கிறேன்.)

நான் கவுன்சிலராகி ஒரு வருடம் முடிந்துவிட்டது. போனில் உன்னிடம் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லி வந்தேன், நீ இருமலைப் பற்றிச் சொல்வது போலத்தான் அதுவும். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தேர்தலுக்கு முன்னால் நம் தெருமுனையில் நடந்த கூட்டத்தில் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். உனக்குத் தெரியும், நம் வார்டில் பாதி வீடுகளுக்கு ஒரே அறைதான், அதற்குள்ளேயே சமையல், தூக்கம், டிவி, சண்டை எல்லாம். பிள்ளைகள் சாயங்காலமானால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நம் தையல்கடைக்கு வந்துவிடுவார்கள், வெட்டுமேசைக்கு அடியிலும் துணிமூட்டைமேலும் உட்கார்ந்து படிப்பார்கள், போகும்போது தலையெல்லாம் நூல். ஒரு பெண்ணின் கணக்குத் தாள் யாரோ ஒருவருடைய கால்சட்டை மடிப்புக்குள் போய், தைக்கப்பட்டு, இஸ்திரியும் போடப்பட்டு, உரியவரிடம் போய்ச் சேர்ந்தது, அவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோது மூன்றாவது கணக்கு தப்பு என்றும் சொல்லிவிட்டுப் போனார். இதையெல்லாம் சொல்லத்தான் அன்றைக்கு மேடை ஏறினேன். ஆனால் மைக் இருக்கிறதே, அது கெட்ட சாமான், கையில் பிடித்தால் வாய் தானாகத் திறக்கிறது. “ஒரு வருஷத்துல நம்ம பிள்ளைங்க படிக்க ஒரு அறை வரும், வரலைன்னா நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சுருவேன்” என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டினார்களே என்று இன்னொரு முறையும் சொன்னேன். அப்பா கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டியிருக்கிறார், அவரும் கை தட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

நகரசபை எப்படி இருக்கும் என்று கேட்டாய். நன்றாக இருக்கும். குதிரை லாடம் போல வளைத்துப் போட்ட மேசை, ஆளுக்கொரு மைக், தலைவர் முன்னால் ஒரு பித்தளை மணி, சுவரெல்லாம் பழைய தலைவர்களின் படம், மேலே பொதுமக்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு மாடம், அதில் நல்ல மர பெஞ்சுகள், பெரிய பெரிய மின்விசிறிகள். மாதம் ஒரு நாள் கூட்டம். மற்ற நாளெல்லாம் அந்த மின்விசிறிக்கு ஓய்வு. முதல் கூட்டத்திலேயே எதிர்த்தரப்பு உறுப்பினர்கள் சாக்கடைப் பிரச்சினைக்காகக் கொதித்தெழுந்து வெளிநடப்புச் செய்தார்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, பிறகு தேநீர் வந்தது, எல்லோரும் உள்நடப்புச் செய்தார்கள். எதைக் கேட்டாலும் தலைவர் சிரித்த முகத்தோடு ஆவன செய்யப்படும் என்பார். தெருவிளக்கு பகலில் எரிந்து இருட்டினதும் அணைகிறது என்று சொன்னேன், ஆவன செய்தார்கள், இப்போது பகலிலும் எரிவதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். உன் சித்தப்பா தன் வீட்டு வாசற்படியைச் சாக்கடை மூடியின் மேல் வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டார், “அண்ணி கவுன்சிலரா இருக்கையில என் படியில எவன் கை வைப்பான்” என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார். அண்ணிதான் கை வைத்தாள். இப்போது என்னோடு பேச்சில்லை, ஆனால் பிள்ளைகளின் சீருடைத் துணி மட்டும் தவறாமல் வருகிறது, அளவெல்லாம் ஒரு துண்டுத் தாளில். அப்பாவுக்குத்தான் பாவம், சவரம் செய்துகொண்டிருக்கும்போதே மனுவைக் கொடுக்கிறார்கள், நுரையோடு வாங்கிக்கொள்கிறார். சமையலும் அவர்தான். சாப்பிடுகிறோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம், கடிதத்தை அவரும் படிப்பார். “கவுன்சிலர் அம்மா, இந்த வீடும் உங்க வார்டுலதான் இருக்கு, எப்ப வந்து பார்வையிடுவீங்க” என்று மட்டும் அவ்வப்போது கேட்பார்.

அறைக்கு வருகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நகரசபை இடம் காலியாகக் கிடக்கிறது அல்லவா, அங்கே பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு அறை கட்ட வேண்டும் என்று நான் எழுந்து கேட்டேன். ஆச்சரியம், யாரும் எதிர்க்கவில்லை. குறிப்பு எழுதுகிற குமாஸ்தா நல்ல மனிதர், தலை நிமிராமல் எழுதுவார், காதில் விழுந்தது தாளில் விழ வேண்டும், நடுவில் ஒன்றும் நடக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அறை என்று நான் சொன்னது அவர் காதில் அரை என்று விழுந்திருக்கிறது. நம் வாயில் இரண்டும் ஒன்றுதானே, யாரைக் குறை சொல்வது. அடுத்த கூட்டத்தில் போன கூட்டத்துக் குறிப்பை வாசித்தார்கள், வாசிக்கும்போதும் இரண்டும் ஒன்றுதான், எல்லோரும் கை தூக்கினோம். வாசிப்பு அரை கட்டுவது என்று தீர்மானம் நிறைவேறியது. உன் தங்கை நகரசபை அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு ஓடிவந்து, அம்மா, அறைக்குப் பெரிய ற, இவர்கள் சின்ன ர போட்டிருக்கிறார்கள், அப்படியென்றால் பாதி என்று அர்த்தம் என்றாள். ஓர் எழுத்துதானே, கட்டுகிறவர்களுக்கா தெரியாது என்று நான் சொன்னேன்.

கட்டுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. எஞ்சினியர் பாதி கட்டினார். ஒரு மூலையில் சேர்கிற இரண்டு சுவர், அவ்வளவுதான், கூரை இல்லை, கதவு இல்லை. ஓடிப்போய்க் கேட்டால், “அம்மா, தீர்மானத்துல அரைன்னு இருக்கு, நான் முழுசா கட்டினா நாளைக்கு ஆடிட்டுல என்னைத் தூக்கிருவாங்க, என் பிள்ளைங்களை யார் பார்ப்பா” என்றார். (இந்த இடத்தில் அம்மா அவரிடம் சொன்னதை நான் எழுதவில்லை.) திறப்பு விழாவும் நடந்தது. இல்லாத சுவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பு நட்டு ரிப்பன் கட்டினார்கள். தலைவர் ரிப்பனை வெட்டிவிட்டு உள்ளே போனார், அதற்குள் ஒரு நாய் பக்கவாட்டில் முன்னாடியே உள்ளே போய்ப் படுத்திருந்தது. கல்லிலும் வாசிப்பு அரை என்றுதான் வெட்டியிருக்கிறது. ஊரில் இப்போது அதற்கு அரை என்றே பெயர் நிலைத்துவிட்டது, ஆட்டோக்காரர்கள் அரை ஸ்டாப் என்கிறார்கள், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட அரைக்கு எதிர்ச் சந்து என்று வழி சொல்கிறார்கள்.

திருத்தம் கொண்டுவரலாம் என்றார்கள், கொண்டுவந்தேன். இந்த முறை ஏமாறக் கூடாது என்று எழுந்து நின்று, நிறுத்தி நிதானமாக, “அது அரை இல்லைங்க, பெரிய ற போட்ட அறை, பெரிய, பெரிய, நல்லாக் கேட்டுக்குங்க” என்றேன். குமாஸ்தா தலையை ஆட்டி எழுதிக்கொண்டார், என்னைப் பார்த்துச் சிரித்தும் வைத்தார். அரை என்பதைப் பெரிய அரை எனத் திருத்த ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சினியர் பெரிய அரை என்றால் முக்கால் என்று முடிவு செய்து மூன்றாவது சுவரையும் எழுப்பிவிட்டார், தன் கடமையை மனப்பூர்வமாகச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும், பூச்சு நன்றாக இருக்கிறது. ஒரே விஷயத்தை ஒரு வருடத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் மன்றத்தில் எடுக்கக் கூடாதாம். மூன்று சுவரோடு மழைக்காலம் வந்தது.

அந்த மழையில்தான் ஒன்று நடந்தது. அன்றைக்குக் கூட்டம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள், எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை, என் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் தங்கை எனக்குக் குடை கொண்டுவந்தாள், கூடவே கடையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் நனைந்துகொண்டு வந்துவிட்டார்கள். காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்று தலையைச் சொறிந்தார். பூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். “நீங்க உக்காந்திருக்கீங்களேம்மா, மெம்பர் நாற்காலியில இருந்தா நான் பூட்டக்கூடாது, மாடத்தையும் மூடக்கூடாது, முன்ன ஒரு தடவை எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தரை உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க, அதுலேர்ந்து இப்படி ஒரு உத்தரவு” என்றார். மழை விடுகிற வரை பிள்ளைகள் மாடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு, காற்று, பெஞ்சு, சத்தமில்லாத ஓர் இடம். நாங்கள் வருடம் முழுதும் கேட்டது எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். இப்போது தினமும் சாயங்காலம் நான் பித்தான் தைக்கிற வேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் என் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறேன், மாடம் நிறையப் பிள்ளைகள். பக்கத்து வார்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள், லீவு விட்டும் நிற்கவில்லை. யாராவது சத்தம் போட்டால் தலைவரின் மணியை ஒரு தட்டுத் தட்டுகிறேன், எனக்கு அந்த அதிகாரம் இல்லைதான், ஆனால் அந்த மணிக்கு உறுப்பினர்கள் யாரும் அடங்கி நான் பார்த்ததில்லை, பிள்ளைகள் அடங்குகிறார்கள். கரண்டு வீணாகிறது என்று தலைவர் ஆள் விட்டுச் சொன்னார். ஓர் உறுப்பினர் மன்றத்தில் அதிக நேரம் இருக்கிறார் என்று புகார் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், பத்திரிகைக்காரரிடம் காட்டுகிறேன் என்று திருப்பிச் சொல்லியனுப்பினேன். அதற்குப் பிறகு கரண்டைப் பற்றிப் பேச்சில்லை.

ஆனால் வருடம் முடிய வந்ததும் தலைவருக்கு என்மேல் திடீரென்று மரியாதை பிறந்துவிட்டது. பார்க்கிற இடத்திலெல்லாம் கும்பிடுகிறார். “சொன்ன சொல்லை உயிரா மதிக்கிறவங்க நீங்க, இந்தக் காலத்துல உங்களை மாதிரி யாரும்மா இருக்கா, நீங்க போனா இந்த மன்றத்துக்கே நஷ்டம், இருந்தாலும் வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல” என்று கண் கலங்காத குறையாகச் சொன்னார். அவர் மச்சான்தான், அந்த சிமெண்டுக் கடைக்காரர், போன முறை என்னிடம் தோற்றவர், புதுச் சட்டைக்கு நம் கடையிலேயே அளவு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், மேடைக்குப் போடுகிற மாதிரி காலர் நல்லா நிக்கணும் அக்கா என்றார். நன்றாக நிற்கிற மாதிரிதான் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

நான் போகத்தான் நினைத்தேன், கண்ணு. அறை வரவில்லை, அது ஊருக்கே தெரியும், மூன்று சுவரை அறை என்று சாதிக்க எனக்கு வாய் வராது. நான் போனால் என் நாற்காலியில் அந்த மச்சான் உட்காருவார், மாதத்துக்கு ஒரு நாள், அதுவும் தேநீர் வரும்வரை. மற்ற நாள் காவலாளி பூட்டிவிட்டுப் போவார். இது தெரிந்தும் போகத்தான் நினைத்தேன், ஏனென்றால் இந்த ஊரில் எல்லோரும் ஏதாவது காரணம் சொல்லித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவரவர் காரணம் அவரவருக்கு நல்ல காரணமாகத்தான் இருக்கிறது, என் காரணம் மட்டும் என்ன உசத்தி. ராஜினாமாவை உன் தங்கையைத்தான் எழுதச் சொன்னேன். வழக்கத்தைவிட மெதுவாக எழுதினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். அப்பாவிடம் காட்டினேன். “நல்லா எழுதியிருக்கு” என்று சொல்லிவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலமும் மன்றத்துக்குப் போனேன். அதுதான் கடைசி நாள், மறுநாள் காலையில் கொடுத்துவிடலாம் என்று. பிள்ளைகள் போகும்போது சலவைக்காரரின் இரண்டாவது மகள் என்னிடம் வந்தாள். வருகிற வருடம் அவளுக்குப் பெரிய பரீட்சை, வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு ஏறும், அதனால் மாடத்தின் கடைசி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சுவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஊர்ப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்கிறது போலிருக்கிறது. “நாளைக்கும் வரலாமா அத்தை” என்று கேட்டாள். வா என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. அவள் சரி என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மைக் இல்லை, யாரும் கை தட்டவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில்தான் உறைத்தது, இப்போது என்னிடம் இரண்டு வாக்கு இருக்கிறது, இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அரைக்குள்ளேயே வார்டுக் கூட்டம் போட்டேன். மூன்று சுவருக்கு நடுவே நின்று, மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் சொன்னபடி அறை வரவில்லை, சொன்னபடி நான் போகப்போவதும் இல்லை, மன்றத்தில் நான் உட்கார்ந்திருந்தால்தான் பிள்ளைகளுக்கு இடம், அதனால் உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்றேன். பிறகு செல்போன் ரிப்பேர்க்காரர், எனக்காக வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவர், “அப்ப நீங்களும் அவங்களை மாதிரிதானாக்கா” என்று கேட்டார். நக்கலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி கேட்டார். இந்த விஷயத்தில் ஆமாம் தம்பி என்றேன். எழுந்து போய்விட்டார். இன்னும் நாலைந்து பேர் போனார்கள். பின்னாலிருந்து ஒருவர், “அரை வந்திருக்குல்ல, அரை ராஜினாமா செய்யலாமே” என்றார், அதற்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் நம் தெருமுனையிலிருந்து பஸ் நிலையம் வரை சுவரொட்டி. சொன்ன சொல் எங்கே, இருக்கையைவிட்டு எழுவது எப்போது என்று. என் படத்தையும் போட்டிருக்கிறார்கள், சீருடைத் துணிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது, நல்ல படம்தான். உன் தங்கை நின்று இரண்டு தரம் படித்துவிட்டு வந்தாள். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லையாம், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. (இருந்தது, அண்ணா. ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.) என்ன குசுகுசுவென்று எழுதிக்கொள்கிறாய் என்று கேட்டால் கமா போடுகிறேன் என்கிறாள்.

சித்தப்பா அந்தச் சுவரொட்டி ஒன்றைத் தன் வீட்டுச் சுவரில் ஒட்ட விடாமல் விரட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன், ஆனால் சுவர் அப்போதுதான் வெள்ளையடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். சந்தையில் காய் எடுத்துப்போடுகிறவள் முன்பெல்லாம் வாங்க கவுன்சிலர் என்பாள், இப்போது என்ன வேணும் என்கிறாள். இதெல்லாம் போகட்டும். சாயங்காலம் மன்றத்துக்குப் போனேன், என் நாற்காலியில் உட்கார்ந்தேன், மேலே கடைசி மூலையில் அந்தப் பெண் சுவரிடம் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தாள், தப்பாகச் சொன்னாள், பிறகு தானே திருத்திக்கொண்டாள்.

நீ அங்கே நம் ஊர்க்காரர்கள் நாலு பேரோடு இருக்கிறாய், இது எப்படியும் உன் காதுக்கு வரும். உங்க அம்மா சொன்ன சொல்லைக் காப்பாத்தலையாமே என்று யாராவது கேட்டால் சண்டைக்குப் போகாதே, அம்மாவுக்காக வக்காலத்து வாங்காதே. ஆமாம், காப்பாற்றவில்லை என்று சொல். அது உண்மைதான். ஏன் என்று கேட்டால் மட்டும் இதில் எழுதியிருப்பதைச் சொல். பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கிறவர் ஒருவர் இருந்தால் அவரோடு பழக்கம் வைத்துக்கொள், நல்ல மனிதராக இருப்பார்.

நீ எங்கே இருந்தாலும் உன் தலைக்கு மேல் கூரையும் உன்னைச் சுற்றி நாலு சுவரும் உன்னோடு பேச நாலு பேரும் குறைவில்லாமல் இருக்கட்டும், நூறு வயதுக்கு நோயில்லாமல் இரு. அப்பா உன்னைத் தடவிக் கொடுத்ததாக எழுதச் சொன்னார், கடிதத்தில் எப்படித் தடவிக் கொடுப்பது என்று தெரியவில்லை, நீயே ஒரு தரம் தலையைத் தடவிக்கொள். டாக்டரிடம் போன பிறகு எனக்குப் பேசு, போகாமல் பேசாதே.

என்றும் உன்
அம்மா

(கையெழுத்து அம்மாவே போட்டது. மெஷினை நிறுத்திவிட்டுப் போட்டாள்.)